தங்கச்சிக்குக் கொடுத்த நாவல்

யாராவது ஒரு புத்தகத்தை நல்லது என்று சொல்லிவிட்டால் அதை வாசித்து முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. சொன்னவர் யாரென்றெல்லாம் பார்க்கமாட்டேன். ஒருமுறை கல்முனையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகப் பிள்ளையின் மடியில் ஒரு நாவலைக் கண்டு, "எப்படி மகள், நல்லமா?" என்று கேட்டேன். அவள் கதையைச் சொல்லச் சொல்ல, இறங்க வேண்டிய சாய்ந்தமருதைத் தாண்டி நிந்தவூர்வரை போய்விட்டேன். என் போனில் வாசகர் குழு ஒன்று இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது. அதில் யாராவது ஒருத்தி, "இத வாசிச்சிட்டு எனக்குச் சோறு இறங்கல்ல" என்று எழுதினால் போதும். அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும், யாரிடம் இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்புவார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஆனால் எனக்கு வாய்த்ததிலேயே நல்ல புத்தகங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையிலிருந்துதான் வந்தன. அந்த மேசையில் இருக்கும் அக்கா பாண்டிருப்புக்காரர். கணவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அக்கா ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்லவேமாட்டார். என் மேசையில் அதை வைத்துவிட்டு, "இத வெள்ளிக்கிழமை தொடங்காத தங்கச்சி, சோறு அடிப்பிடிச்சிரும்" என்பார். இல்லாவிட்டால், "இத வாசிக்கக்குள்ள பக்கத்துல தேத்தண்ணி வெச்சிராத, ஆறிப்போகும்" என்பார். அவர் சொன்னபடியேதான் நடக்கும். ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தில் மீன்செதிள் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெடுக்க மனம் வராமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

என் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். நானும் மகளும் இருப்பது வாப்பா என் கலியாணத்துக்குத் தந்த வீட்டில். எனக்கு அதை எழுதித் தந்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் தங்கச்சியும் வளவின் பின்பக்கத்தில், தங்கச்சிக்கென்று கட்டத் தொடங்கிய வீட்டுக்குப் போனார்கள். கூரை போட்ட இரண்டு அறைகளில் குடியிருந்துகொண்டு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். வயலில் ஒவ்வொரு போக வெட்டு முடியவும் சுவர் இன்னும் கொஞ்சம் உயரும். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்ற வாப்பாவின் ஆயுளில் பாதி சீமெந்துக்கும் கல்லுக்கும்தான் போனது.

தங்கச்சி என்னைவிட நன்றாகவே இளையவள், அக்காவான என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு வாசிப்பு ஒத்துவராது, கதை சொல்லத்தான் வரும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் வீட்டுக்கு வருவாள். நான் முன்னறையில் பாயில் சாய்ந்து வாசித்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் இருந்துகொண்டு, அன்று எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் பணிஸைப் பறித்தது, எது காற்சட்டையை நனைத்துவிட்டு "தண்ணி ஊத்துண்டிச்சு டீச்சர்" என்று பொய் சொன்னது என்று நடித்துக்காட்டுவாள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சிரிப்பேன். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய எனக்கு முடியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தெற்கே ஓர் ஊரிலிருந்து அவளுக்குச் சம்பந்தம் வந்தது. படித்த மாப்பிள்ளை, அரச உத்தியோகம், தொழுகையாளி என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்த்து, மோதிரமும் போட்டுவிட்டுப் போனார்கள். நோன்புப் பெருநாள் கழியக் கலியாணம் என்று பேச்சு. வாப்பா மேசன்மாரை இரட்டிப்பாக்கினார். அந்த நாட்களில் வளவெல்லாம் மணலும் கல்லுமாகத்தான் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிருப்பு அக்கா எனக்கு அந்த நாவலைத் தந்தார். "இதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன முதல் புத்தகம் அது. கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற ஒரு பெண்ணின் கதை. அவளுக்கு வேறொருவன் மேல் விருப்பம் கிடையாது, வீட்டில் கொடுமையும் கிடையாது. தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை. அதைச் சொல்ல ஓர் ஆள் தேடி ஒரு நாள் முழுக்க ஊரெல்லாம் அலைகிறாள். நான் அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவில் வைத்து வாசித்தேன். மகளின் தலையைப் பின்னிக்கொண்டு வாசித்தேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததையும் பார்க்காமல் வாசித்தேன்.

முடித்த அன்று பின்னேரம் தங்கச்சி வந்திருந்தாள். வழக்கம்போலப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். கண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரியை முடித்ததும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவள் கையில் திணித்தேன்.

"இந்தா, கட்டாயம் வாசி. என்னை நம்பு" என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

நமக்குப் பிடித்த புத்தகத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் ஒரு தனிச் சுகம். அடுத்த நாளே, "எதுமட்டும் வந்தாய்? எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டேன். "வாசிக்கிறன்" என்றாள். பிறகு ஒரு நாளும் கேட்டேன். அதற்கும் அதே பதில். அந்த வாரம் அவள் பின்னேரங்களில் அவ்வளவாக வரவில்லை. நாவலுக்குள் மூழ்கிவிட்டாள் என்று நினைத்து எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உம்மா தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்வளவால் ஓடிவந்தார்.

"உன்ட தங்கச்சி கலியாணம் வேணாங்கிறா. மோதிரத்தக் கழட்டி மேசைல வெச்சிட்டா."

"என்னத்துக்காம்?"

"கேட்டா வாய் துறக்கிறாளில்ல. வேணாம் எண்ட ஒரு சொல்லுத்தான்."

நான் போய்க் கேட்டேன். சாச்சிமார் வந்து கேட்டார்கள். தங்கச்சி அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். யார் கேட்டாலும், "எனக்கு வேணாம். அவ்வளவுதான்" என்றாள். வாப்பா கேட்கவே இல்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்தவர், ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் எழும்பிப் பள்ளிக்குப் போனார்.

உம்மா அவளது தலையணையைத் தட்டிப் போடும்போது அந்த நாவல் கீழே விழுந்தது. உம்மா பின்னட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதில் கதை நாலு வரியில் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத ஆரு குடுத்த?"

"நான்தான் உம்மா."

"கலியாணம் பேசி வெச்ச புள்ளைக்கு இதையா குடுத்த? நீ ரெண்டு எழுத்துப் படிச்சது எங்கட குடிய அறுக்கவா?"

உம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய்க் குசினியில் விறகுக்கு மேல் வைத்தார். எரிக்கவில்லை. எழுத்துள்ள எதையும் எரிக்க அவருக்குப் பயம்.

மோதிரம் திரும்பிப் போனது. யாரோ ஒருவனோடு தொடர்பாம் என்று ஊரில் கதை கட்டினார்கள். உம்மா கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். வாப்பா மேசன்மாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாகாமத்துப் பக்கம் இருக்கும் வயலில் போய்க் கிடந்தார். அங்கே அப்போது செய்வதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை. வளவில் கொட்டிய மணலில் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குழி தோண்டி விளையாடினார்கள். ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குப் போகும்போது அந்த மணலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உம்மா கத்தாருக்கும் போன் எடுத்து மருமகனிடம் முறைப்பட்டிருக்கிறார். கணவர் என்னோடு கோபமாகப் பேசவில்லை. "கொஞ்ச நாளைக்குப் புத்தகங்கள ஒதுக்கி வைங்களன். உம்மாட மனசு ஆறட்டும்" என்றார். நான் எல்லாவற்றையும் இரண்டு அரிசிச் சாக்குகளில் போட்டுக் கட்டி அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். வாசகர் குழுவில் வந்து விழுந்த எதையும் திறக்கவில்லை.

பாண்டிருப்பு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ தங்கச்சி, நான் தந்த புத்தகமெல்லோ அது."

"உங்கள்ல பிழை இல்ல அக்கா. நான்தான் யோசிக்காமக் குடுத்த."

கோப்பு ஒன்றை மூடி வைத்துவிட்டு அக்கா, "ஆனா, ஒரு புத்தகத்த வாசிச்சு ஆரும் கலியாணத்த நிப்பாட்டுவாங்களா?" என்றார். "என்ட மகள் என்ன புத்தகம் குடுத்தாலும் முகத்த அங்கால திருப்புறவள். நீ அவளிட்டக் கேட்டியா?"

"கேட்டன். சொல்றாளில்ல."

"இப்ப இல்ல. அதுக்கு முன்னால?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. குற்றம் என்னுடையது என்பது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அந்தக் குற்ற உணர்வுக்குள் ஒரு மூலையில் எனக்குப் பெருமையும் இருந்தது. நான் தேர்ந்து கொடுத்த புத்தகம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிவிட்டதே என்ற பெருமை. உம்மா அழும்போது கூடவே அழுதேன். அழுதுகொண்டே, அப்படிப்பட்ட புத்தகம்தானே அது என்றும் நினைத்தேன்.

அந்தச் சுமையோடு இருக்கமுடியாமல் ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தங்கச்சியின் பாலர் பாடசாலைக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவள் தரையில் கிடந்த வர்ணக் கடதாசித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெரிய கதிரை ஒன்றும் இல்லாததால் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அந்தப் புத்தகத்த நான் உனக்குத் தந்திருக்கப்படாது புள்ள. எல்லாம் என்னாலதான். என்னை மன்னிச்சிக்க."

"எந்தப் புத்தகம்?" என்றாள்.

"அதுதான், கலியாணத்துக்கு மொதநாள் வீட்டை விட்டுப் போற பொம்புளட கதை."

"அப்பிடியா கதை? மொதநாளா போறா?"

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

"நீ வாசிக்கல்லையா?"

"நாலஞ்சு பக்கம் வாசிச்சன். கதைல ஒரே மழையாப் பேஞ்சிட்டிருந்திச்சு. அதோட விட்டுட்டன். நீங்க கேப்பீங்களே எண்டுதான் தலகாணிக்குக் கீழ வெச்சிருந்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. "அப்ப என்னத்துக்குத்தான் வேணாமெண்டாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"உங்களிட்டச் சொன்னனே ராத்தா."

"என்னட்டயா? எப்ப?"

"அந்தப் புத்தகத்த நீங்க தந்த அண்டைக்கு. பின்னேரம் முழுக்க அதத்தான் சொல்லிட்டிருந்தன்."

பிறகு அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை நடிப்பு ஒன்றும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். மோதிரம் போட்ட நாளிலிருந்து மாப்பிள்ளை போனில் பேசத் தொடங்கியிருக்கிறார். முதலில் நல்ல மாதிரித்தான். பிறகு, காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிடமுன் உடுத்திருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஓட்டோக்காரரின் முகம் தெரிய ஒரு படம் கேட்டார். போனின் பாஸ்வேர்ட் கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு பாலர் பாடசாலை வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வாப்பாமார் வருகிறார்கள்தானே என்றார். ஒருநாள் ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போய், அதைக் கழுவிவிட்டு வர அவளுக்குப் போன் எடுக்கப் பிந்திவிட்டது. அதற்கு அவர் ஒரு சொல் சொன்னார்.

"என்ன சொல்?" என்றேன்.

"அண்டைக்கு உங்கட காதுக்குள்ள சொன்னன். இன்னொரு தரம் என்ட வாயால வராது."

என் காதுக்குள் சொல்லியிருக்கிறாள். நான் நினைவைப் போட்டுக் குடைந்தேன். அந்த நாவலின் பெண் கடைசியாக ஏறிய பஸ்ஸின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. என் காதோரம் தங்கச்சியின் மூச்சுப் பட்டது ஞாபகம் இல்லை.

"நான் என்ன சொன்னன்?"

"'ம்' எண்டீங்க. மறுகா, 'கலியாணம் முடிஞ்சா எல்லாம் சரியாகிரும்' எண்டீங்க. அப்ப உங்கட கண்ணால தண்ணி ஓடிட்டிருந்திச்சு. எனக்காக அழுறீங்க எண்டுதான் நான் நெனச்ச."

அவள் விளக்குமாற்றைத் திரும்ப எடுத்தாள்.

"புத்தகத்தத் தந்தீங்களே, அதுல எனக்கு என்னமோ பதில் இருக்காக்கும் எண்டுதான் கொண்டு போனன். அடுத்தநாள் வந்து, 'எதுமட்டும் வந்தாய்'னு கேட்டீங்க. வேற ஒண்டும் கேக்கல்ல. அப்பதான் விளங்கிச்சு, நீங்க என்னத்தையும் காதுல போடல்ல எண்டு."

"ஏன் இன்னொருக்காச் சொல்லல்ல? உம்மாட்டச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கே அது பெரிசாத் தெரியல்ல எண்டா உம்மாக்கு எப்பிடி விளங்கும்? இதுக்கெல்லாம் போய் ஆரும் கலியாணத்த நிப்பாட்டுவாங்களா எண்டு கேப்பாங்க. அதுதான் 'வேணாம்' எண்டதோட நிப்பாட்டிட்டன். அதுக்கு மேல ஆரும் ஒண்டும் கேக்க ஏலாதே."

அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் சொல்லி முடித்துவிட்டு மிச்சக் குப்பையைக் கூட்டினாள். நான் எழும்பிக் கட்டிப்பிடித்தேன். பிடிக்கவிட்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே வாப்பாவிடம் சொன்னேன். வயலிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தங்கச்சி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வாப்பா வாளியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். உம்மாவும் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இத ஏன் அந்தப் புள்ள எங்களிட்டச் சொல்லல்ல?" என்றார் வாப்பா.

"என்னட்டச் சொன்னா வாப்பா. நான் வாசிச்சிட்டிருந்தன். கேக்கல்ல."

வாப்பா வாளியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் நேரே பின்வீட்டுக்குப் போனார். தங்கச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளது தலையில் கைவைத்து, "கலியாணத்துக்கு முந்தியே சொன்னியே மகள், அல்ஹம்துலில்லாஹ். இந்த வளவுல நீ இரி, ஆரும் உன்னை எழுப்ப மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். உம்மா அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு, விறகுக்கு மேலிருந்த நாவலை எடுத்துச் சேலையால் துடைத்து என்னிடம் தந்தார்.

"இந்தா. இதுல பிழை இல்லையாம்" என்றார்.

அந்த ஒரு வசனம் போதும். புத்தகத்தில் பிழை இல்லை என்றால் பிழை யாரில் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேசன்மார் திரும்பவும் வந்தார்கள். தங்கச்சியின் வீட்டுக்கு முன்விறாந்தை போட்டு முடிந்துவிட்டது. ஊரார் சொன்னதைச் சொல்லிக் களைத்துவிட்டு வேறு கதைக்குப் போனார்கள். வேறு இடங்களிலிருந்தும் பேச்சு வருகிறது. வாப்பா இப்போது முதலில் அவளிடம் கேட்கிறார். அவள் இன்னும் யாருக்கும் ஓம் சொல்லவில்லை. அவசரப்படுத்த ஆளும் இல்லை.

நான் வாசிப்பை விடவில்லை. விட்டிருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்துச் சாக்கை அவிழ்த்தேன். பாண்டிருப்பு அக்கா இப்போதும் மேசையில் புத்தகம் வைக்கிறார், நானும் எடுத்துக்கொள்கிறேன். அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். "நானும் அப்பிடித்தான் தங்கச்சி" என்றார். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்டேன். முதலில் தலையாட்டி மறுத்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தன் மகளைப் பற்றிச் சொன்னார். அது அவருடைய கதை, இங்கே எழுதக்கூடாது.

இப்போது பின்னேரங்களில் தங்கச்சி வந்தால் உடனே புத்தகத்தை மூடிவிடுகிறேன். அதுவும் சரிவரவில்லை. நான் மூடுவதைக் கண்டதும், "வாசிங்க ராத்தா, ஒண்டுமில்ல, சும்மாதான் வந்த" என்கிறாள். என் மகளோடு விளையாடிவிட்டுப் போகிறாள். பிள்ளைகளைப் போல நடித்துக்காட்டுவதெல்லாம் இப்போது மகளுக்குத்தான். நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மகள் கெக்கட்டம் போட்டுச் சிரிப்பாள்.

போன கிழமை அவளே போன் எடுத்தாள். புதிதாக வாங்கிய சப்பாத்து குதிக்காலைக் கடிக்கிறதாம். கடைக்காரன் மாற்றித் தரமாட்டானாம். எண்ணெய் போட்டால் இளகுமா, இல்லாவிட்டால் பஞ்சு வைப்பதா என்று கேட்டாள். நான் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். எந்தக் காலில் கூட நோகிறது, எவ்வளவு தூரம் நடந்தாய், கொப்புளம் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வேறு ஏதாவது சொல்ல வந்து சப்பாத்தோடு நிறுத்திக்கொண்டாளா, சப்பாத்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "வேற என்ன?" என்று கேட்டேன். "வேற ஒண்டுமில்ல ராத்தா" என்றாள். அவள் போனை வைக்கும்வரை நான் வைக்கவில்லை.